கருவிக்குத் தெரிய வேண்டாம்

சின்னவள் பார்க்கிற வேலை என்னவென்று அவள் வீட்டில் யாருக்கும் முழுசாகப் புரிந்ததில்லை. அது அவர்கள் தப்புமில்லை. ஒழுங்காக நடந்தால் கண்ணுக்கே தெரியாத வேலை அது. ஓடுகிற வண்டியில் ஒருவர் கைபேசியில் பேசிக்கொண்டே போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஒரு கோபுரத்தின் எல்லையைத் தாண்டி அடுத்த கோபுரத்தின் எல்லைக்குள் நுழைகிறது. அந்தக் கண் இமைக்கிற நேரத்தில் பேச்சு அறுந்தால் மனிதர் "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று தொண்டை கிழியக் கத்துவார். அறுந்து போகாமல் பார்த்துக்கொண்டால்? சின்னவள் என்று ஒருத்தி இருப்பதே அவருக்குத் தெரியாது.

அலுவலகத்தில் இதற்குத் தாவல் என்று பெயர். வண்டியில் இருக்கும் கருவி ஒரு கோபுரத்தை விட்டு இன்னொன்றுக்குத் தாவுகிறதல்லவா, அதனால். கட்சித் தாவல் என்று கேலி ஓடும். "தாவறதுக்கு முன்னாடியே அந்தப் பக்கம் நாற்காலி போட்டு வச்சிருக்கணும், அதுதான்யா நல்ல தாவல்" என்று சின்னவளே சொல்லிச் சிரிப்பாள். அவளுக்குத் 'தாவல் மேடம்' என்று பெயர் வைத்ததும் அந்த அலுவலகக் கூட்டம்தான். வீட்டில் அவள் சின்னவள், அக்கா பெரியவள். இந்தக் கதைக்கு வீட்டுப் பெயரே போதும், ஏனென்றால் நடந்ததெல்லாம் வீட்டு ஆட்கள் செய்த வேலை.

ஆம்புலன்ஸ் வண்டிகளுக்காக ஒரு ஏற்பாட்டை அவள் இரண்டு மூன்று வருஷமாக உருவாக்கிக்கொண்டிருந்தாள். வண்டி ஓடும்போதே நோயாளியின் முகமும் இதயத் துடிப்பும் மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் டாக்டரின் திரையில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், வண்டி ஒரு கோபுரத்தின் வலையை விட்டு இன்னொரு கோபுரத்தின் வலைக்குள் போனதும் அதிலுள்ள கருவியின் முகவரி மாறிவிடும். டாக்டர் பேசுவது பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும். வீட்டைக் காலி செய்தவனுக்குப் பழைய வாசலில் தபால் விழுகிற கதைதான்.

சின்னவள் செய்த காரியம் இது. வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று மோப்பம் பிடித்து, பழைய கோபுரம் அடுத்த கோபுரத்துக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்துவிடும். யார் வருகிறார், அவரை அடையாளம் காண என்ன ரகசியச் சாவி, என்ன வேகம், எல்லாம். தாவுகிற நேரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிட்ட தரவையெல்லாம் பிடித்து வைத்திருந்து அந்தப் பக்கம் தள்ளிவிடும். முகவரியும் மாறாது. வண்டியில் இருக்கும் கருவி எதையும் செய்ய வேண்டாம். தான் இடம் மாறியதையே அது அறியாது.

இதற்கு அலுவலகத்தில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. கருவிக்குச் சொல்லிவிட்டு, அது சரி என்ற பிறகு தாவட்டும், அதுதான் முறை என்று இரண்டொரு பெரிய தலைகள் பிடிவாதம் பிடித்தன. சின்னவள் மேசையில் தட்டிப் பேசினாள். "கருவிக்குத் தெரிய வேண்டாம் சார். அதுகிட்ட சம்மதம் கேட்டுக்கிட்டு நின்னா, உள்ள படுத்திருக்கிறவர் போய்ச் சேர்ந்துடுவாரு." எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஜெயித்தாள்.

அன்றைக்குக் கைதட்டி ஆரம்பித்து வைத்தவர் அத்தான், அக்காவின் கணவர், அந்தப் பிரிவுக்கே தலைவர். அவரை அந்த நிறுவனத்துக்குள் கொண்டுவந்ததும் சின்னவள்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் இருந்த கம்பெனியை இழுத்து மூடியபோது மனிதர் வீட்டில் தாடியோடு உட்கார்ந்திருந்தார். சின்னவள் மேலிடத்தில் போய்ப் பேசினாள். உள்ளே வந்தவர் நாக்கு சாமர்த்தியத்தில் மளமளவென்று மேலே போனார், அவளுக்கே மேலதிகாரியாகவும் ஆனார். அவள் அதற்காக வயிறு எரியவில்லை. "எங்க அத்தான்" என்று பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வாள். அந்தப் பெருமையை நினைத்தால்தான் இப்போது எரிகிறது.

ஏற்பாடு நன்றாக வந்ததும் தூரத்து நகரம் ஒன்று அதைக் கேட்டது. அங்கே எல்லா ஆம்புலன்ஸ்களிலும் பொருத்த வேண்டும். முதலில் இங்கே வெள்ளோட்டம் நடக்கும், அதை நடத்துகிறவர்தான் அங்கே போய் முழு வேலையையும் எடுத்துச் செய்வார் என்று முடிவானது. சின்னவள்தான் போவாள் என்று மேலிடமே சொன்னது. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருஷமாக அடுத்தவர் கட்டிய வீட்டுக்கு ஜன்னல் மாட்டிக்கொண்டிருந்தவள், முதல்முறையாக ஒரு வீட்டை அஸ்திவாரத்திலிருந்து கட்டப்போகிறாள். நாற்பதைத் தாண்டியவளுக்கு இனி இப்படி இன்னொன்று வராது என்று அவளுக்கே தெரியும்.

இருந்த ஒரே தடை அம்மா. இடுப்பு எலும்பு உடைந்து அறுவை சிகிச்சை ஆன பிறகு அம்மா நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். கல்யாணமே வேண்டாம் என்றிருந்துவிட்ட சின்னவளோடுதான் இருக்கிறாள். அக்கா வீடு பக்கத்துத் தெருவில். சின்னவள் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது, அக்கா முழுசாகக் கேட்கக்கூட இல்லை.

"போயிட்டு வாடி. அம்மாவை நான் பார்த்துக்க மாட்டேனா? எனக்கும்தானே அம்மா?"

சொன்னதோடு விடவில்லை. மறுவாரமே சக்கரம் வைத்த பெரிய பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் உருட்டிக் காட்டினாள். "உன் பழைய பையைத் தூக்கிட்டுப் போய் எங்க மானத்தை வாங்காதே" என்றாள். சின்னவள் அன்றைக்குக் குளியலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

வெள்ளோட்டத்துக்கு முன்னால் அத்தான் அவளிடம் ஒரு பெண்ணை அனுப்பினார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள், அதனால் எல்லோருக்கும் அவள் 'புதுசு'. கெட்டிக்காரி. "எல்லாத்தையும் இவ தலையில ஏத்தி வச்சிடு. வெள்ளோட்டத்தன்னைக்கு உனக்குக் காய்ச்சல் வந்து படுத்துட்டா நான் யாரைத் தேடறது?" என்றார் அத்தான். நியாயமான பேச்சு. சின்னவள் அரைகுறையாகச் செய்கிற ஆளா? தாவலில் ஒன்றும் சிந்தக்கூடாது என்பது அவள் ரத்தத்தில் ஊறிய பழக்கம். எந்தக் கோபுரம் மழை நாளில் மக்கர் செய்யும், பாலத்துக்கு அடியில் எதற்காகக் கொஞ்சம் முன்னதாகவே தகவல் கொடுக்க வேண்டும், எந்த டாக்டரிடம் எப்படிப் பேசினால் காரியம் ஆகும், இதையெல்லாம்கூட ஒன்று விடாமல் சொல்லிக் கொடுத்தாள். புதுசு பல்லைக் கடித்துக்கொண்டு கற்றுக்கொண்டது.

அதற்குப் பிறகு சின்னவளின் கைபேசி மெல்ல மெல்ல அடங்கிப்போனது. காலையில் பல் தேய்க்கும்போதே கூப்பிடுகிற மருத்துவமனைக்காரர்கள் கூப்பிடவில்லை. கோபுரத்து ஆட்கள் சந்தேகம் கேட்கவில்லை. கூட்டங்கள் தள்ளிப்போயின, அல்லது தள்ளிப்போனதாகச் சொன்னார்கள். வேறொருத்தியாக இருந்தால் இரண்டாம் நாளே என்னடா இது என்று விசாரித்திருப்பாள். சின்னவள் விசாரிக்கவில்லை, சந்தோஷப்பட்டாள். அவள் தொழிலில் சத்தம் வரவில்லை என்றால் வேலை நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். வருஷக்கணக்கில் மௌனத்தைத்தான் அவள் வெற்றி என்று எண்ணிப் பழகியிருக்கிறாள். "பார்த்தீங்களா அத்தான், ஒருத்தர்கூட கூப்பிடல. அவ்வளவு சுத்தமா ஓடுது" என்று அவரிடமே போய்ப் பெருமை அடித்துக்கொண்டாள். அத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னவென்று சொல்வது!

வெள்ளோட்டத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்த ஒரு மத்தியானம், வண்டியின் கூரையில் பொருத்திய ஆன்டெனாவை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வண்டி நிறுத்தும் கொட்டகைக்குப் போனாள். ஆம்புலன்ஸ் அங்கே இல்லை. காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் வண்டி உள்ளே வந்தது. ஓட்டுநர் இறங்கினார், பின்கதவைத் திறந்துகொண்டு மடிக்கணினியோடு புதுசு இறங்கியது.

ஓட்டுநருக்கு அவளைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். "மேடம்! நீங்க இனிமே வரமாட்டீங்கன்னு சொன்னாங்களே!"

"யாரு சொன்னாங்க?"

"சார்தான். அம்மாவுக்கு முடியல, அதனால நீங்களே வேணாம்னு விலகிட்டீங்கன்னு. ஊருக்கும் இந்த மேடம்தான் போறாங்களாமே? பெரிய மனசு மேடம் உங்களுக்கு. எங்க வீட்ல சொன்னேன். பெத்தவங்களுக்காக யாரு இந்தக் காலத்துல இப்படி விடறாங்கன்னு அவகூட கண்ணைக் கசக்கினா."

சின்னவள் ஓட்டுநரை விட்டுத் திரும்பினாள். புதுசைப் பார்த்தாள். புதுசு மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றது.

"உங்ககிட்ட நானே வந்து பேசணும்னு இருந்தேன் மேடம்" என்றது. "சார்தான், இப்ப பேசாதே, அவங்க மனசு கஷ்டத்துல இருக்காங்கன்னு சொன்னாரு. உங்களுக்கு ரொம்ப நன்றி மேடம். என் வீட்ல எல்லாரும் உங்களைத்தான் சொல்றாங்க."

அந்த முகத்தில் கள்ளம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். சின்னவள் "நல்லா பண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

அத்தானின் அறைக் கதவை அவள் தட்டவில்லை. அவர் எதையோ படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. எழுந்து கதவைச் சாத்தினார். "உக்காரும்மா" என்றார். அவள் உட்காரவில்லை.

"நான் வேணாம்னு எப்ப அத்தான் சொன்னேன்?"

"மெதுவா பேசு."

"எப்ப சொன்னேன்?"

அவர் பூசி மெழுக ஆரம்பித்தார். மேலிடத்தில் சந்தேகப்பட்டார்களாம். அம்மாவை அந்த நிலைமையில் விட்டுவிட்டு வருகிறவள் பாதியில் திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்களாம். பிறகு நீக்கினார்கள் என்று ஆகாமல், அவளே விலகினாள் என்று இருந்தால் கௌரவமாக இருக்குமே என்று இவர் யோசித்தாராம். எல்லாம் அவள் நன்மைக்காம். கேட்கக் கேட்க, இந்தச் சப்பைக்கட்டெல்லாம் அந்த நேரத்தில் தயார் செய்ததில்லை, என்றைக்கோ தயாராக இருந்தது என்று அவளுக்குப் புரிந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அத்தானுக்கு எந்த நேரத்திலும் ஒரு ஜோக் வேண்டும். அது அவர் பழக்கம், பல இடத்தில் அவரைக் காப்பாற்றிய பழக்கம். "உன் வழிதானேம்மா இது?" என்று சிரித்தார். "கருவிக்குத் தெரிய வேண்டாம்னு மேசையைத் தட்டினது யாரு? வலிக்காம இறக்கி விட்டிருக்கோம். இவ்வளவு நாள் உனக்குத் தெரிஞ்சுதா பாரு."

"கருவிக்கு வாய் இல்ல அத்தான். எனக்கு இருக்கு."

சிரிப்பு நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, அதுவரை இருந்த அதிகாரி போய், மாட்டிக்கொண்ட மனிதர் ஒருவர் பேசினார். "என்னை மட்டும் குத்தம் சொல்லாதே. உங்க அக்காவைக் கேளு."

சின்னவள் நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் அத்தான் பொய் சொல்லியிருப்பார், அக்காவுக்குத் தெரிந்திருக்காது, தெரிந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள் என்றே தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். அக்கா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். தங்கை படியேறி வருகிற வேகத்தைப் பார்த்துவிட்டு, எடுத்த துணியை மறுபடி கொடியிலேயே போட்டாள்.

"அவர் சொல்லிட்டாரா?" என்றாள்.

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் முடிந்துவிட்டது. சின்னவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நீ வெளியூர் சோதனைக்குப் போயிருந்தப்போ அம்மா இங்க இருந்தாளே, ஞாபகம் இருக்கா?" என்றாள் அக்கா. "ஒரு வாரம்டி. ஒரே ஒரு வாரம். என்னால முடியல. உட்கார வச்சா எழுப்பணும், எழுப்பினா உட்கார வைக்கணும். ராத்திரி நாலு தடவை கூப்பிடறா. எனக்குக் கோபம் வந்து கத்திட்டேன். அப்புறம் நானே அழுதேன். உங்கிட்ட வந்து முடியாதுன்னு எப்படிச் சொல்றது? நானும் பொண்ணுதானே?"

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். வேற ஆள் போட்டிருப்பேன். நான் போகாமகூட இருந்திருப்பேன். ஆனா நான் முடிவு பண்ணியிருப்பேன்."

"அம்மாவை விட்டுட்டுப் போறேன்னு ஒத்தைக்கால்ல நின்னிருப்பே. எனக்கு உன்னைத் தெரியாதா?"

"பெட்டி வாங்கிட்டு வந்தியேக்கா. அப்பவே தெரியுமா?"

அக்கா மென்று விழுங்கினாள். "வாங்கினப்போ நெஜமாத்தான் வாங்கினேன். சத்தியமா. அந்த வாரத்துக்கு அப்புறம்தான்... அவர்கிட்ட புலம்பினேன். நான் பார்த்துக்கறேன்னாரு. எப்படின்னு நான் கேக்கல."

கேட்கவில்லையாம்! சின்னவளுக்கு அக்காவைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. மேலதிகாரி கழுத்தறுத்தால் அது ஊரில் நடப்பதுதான், இரண்டு நாள் திட்டிவிட்டு அடுத்த வேலை பார்க்கலாம். கூடப் பிறந்தவள், சின்ன வயதில் இவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்ட கையாலேயே இதைச் செய்தாள் என்றால் யாரிடம் போய் முறையிடுவது? அக்கா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே படிவரை வந்தாள். சின்னவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. அம்மா ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நாளாக அம்மாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. மறுக்காமல் சாப்பிட்டாள், பயிற்சிக்கு வருகிற பெண்ணிடம் சண்டை போடாமல் காலை நீட்டி மடக்கினாள். எலும்பு கூடிவருகிறது என்று சின்னவள் நினைத்திருந்தாள்.

"வா, பக்கத்துல உக்காரு" என்றாள் அம்மா. "ஏன் முகம் இப்படி வாடியிருக்கு? அந்த ஊர் வேலையை விட்டது மனசைப் போட்டு அரிக்குதா?"

சின்னவள் உட்காராமல் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"பெரியவ எங்கிட்ட சொல்லிட்டா" என்றாள் அம்மா. "நீ சொல்ல வேணாம்னு சொன்னியாம். நானும் தெரியாத மாதிரியே இருந்தேன். ஆனா எத்தனை நாளைக்கு அடக்கி வைக்கிறது? நீ ஊருக்குப் போறேன்னதும் நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமா? வாயைத் தொறந்து போகாதேன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லன்னு இருந்தேன். நீயா எனக்காக வேணாம்னுட்டேன்னு கேட்ட அன்னைக்குத்தான்டி நான் தூங்கினேன்." அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் வாயால ஒரு தடவை சொல்லேன். கேக்கறேன்."

சொல்லிவிடலாம். ஆமாம்மா என்று ஒரு வார்த்தை. போனது போய்விட்டது, அந்த ஊர் இனிக் கிடைக்கப்போவதில்லை. அம்மாவாவது தூங்குவாள். ஆனால் அந்த 'ஆமாம்' அவளுடையது இல்லை. அவர்கள் அவள் வாயில் வைத்துவிட்டுப் போன பொய் அது. அதையும் தானே சொல்லி முடித்துக் கொடுக்க வேண்டுமா?

"நான் விடலம்மா" என்றாள். "எங்கிட்டேருந்து எடுத்துட்டாங்க. அத்தான் பொய் சொல்லி எடுத்துட்டாரு. அக்காவுக்குத் தெரியும். எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

அம்மா கையை விடவில்லை. அத்தானைத் திட்டவும் இல்லை.

"எடுக்காம இருந்திருந்தா நீ போயிருப்பியா?" என்று கேட்டாள்.

வெள்ளோட்டப் பேச்சு ஆரம்பித்த நாளிலிருந்து சின்னவளிடம் யாரும் நேராகக் கேட்காத கேள்வி அது. மேலிடம் கேட்கவில்லை, அத்தான் கேட்கவில்லை, அக்கா கேட்கவில்லை. கேட்டவள் அம்மா ஒருத்திதான். அவளுக்குப் பொய் சொல்ல சின்னவளால் முடியவில்லை.

"போயிருப்பேம்மா."

"பெரியவளுக்கு என்னை வச்சுக்க முடியல. அதனாலதான் இவ்வளவும்."

சின்னவள் தலையசைத்தாள்.

"அப்போ ரெண்டு பேருக்குமே நான் வேண்டாம்" என்றாள் அம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பருப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள்.

"அப்படி இல்லம்மா. நான் சொன்னது அது இல்ல."

அம்மா அவள் கையை விட்டாள். நடைச்சட்டத்தை முன்னால் இழுத்து, இரண்டு கையாலும் அதை அழுத்தி எழ முயன்றாள். முதல் தடவை முடியவில்லை. சின்னவள் சட்டென்று தோளைப் பிடித்தாள்.

"பிடிக்காதே" என்றாள் அம்மா. "நானே போயிக்கறேன்."

மறுபடி அழுத்தினாள். எழுந்தாள். நடைச்சட்டத்தை ஓரடி தள்ளி வைப்பதும் நிற்பதுமாகத் தன் அறைக்குப் போனாள். சின்னவள் காலி நாற்காலிக்குப் பக்கத்தில், நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.